அலுவலகக் கூச்சம்: மறைக்கும் வேலையை விடுங்கள்

வேலை நன்றாகத் தெரியும். தனியாகக் கேட்டால் பதிலும் தெளிவாக வரும். ஆனால் மீட்டிங்கில் தன் முறை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, சொல்ல வைத்திருந்ததெல்லாம் ஒன்றரை வாக்கியமாகச் சுருங்கி வெளியே வருகிறது. இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் மிச்சம் அத்தனையும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி அவதிப்படுகிறவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

அலுவலகம் என்றதும் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களை மட்டும் நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கையெழுத்துப் போடக் கை நடுங்கும் வங்கி ஊழியர் உண்டு. வெளிநாட்டு பையர் போனில் வந்தால் எழுந்து வெளியே போய்விடும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் முன்னால் கணீரென்று பேசிவிட்டு, ஆசிரியர் அறையில் வாயே திறக்காத டீச்சர் உண்டு. மற்றவர்கள் பார்க்கச் சாப்பிட முடியாமல் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இந்தப் பதற்றத்தை அளப்பதற்காக அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். அதில் 24 சூழ்நிலைகள் வரிசையாக இருக்கின்றன. போனில் பேசுவது, பொது இடத்தில் சாப்பிடுவது, பிறர் பார்க்க எழுதுவது மூன்றும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. உங்களிடம் மட்டும் இருக்கும் விநோதம் என்று நீங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதை, உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒரு படிவத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். சமூகப் பதற்றம். லண்டனில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் 1966-இல் இதை மற்ற பயங்களிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்தது. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பலர் இதைத் தங்கள் குணம் என்றே நம்பிவிடுகிறார்கள். வேலைக்கு வரும்போது பத்து வருடப் பழக்கமாகிவிட்ட ஒன்றை வேறு எப்படி நினைப்பார்கள்?

குறைவாகப் பேசுவது நோய் அல்ல. அமைதியாக இருந்து, அதில் நிறைவாகவும் இருப்பவரைப் பேச வைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். அவருக்கு இந்த அத்தியாயமும் வேண்டாம். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: செய்ய ஆசைப்பட்டும் பயத்தால் விட்டுக்கொடுத்தது என்ன? டீம் லீட் பதவி வந்தபோது "இப்போதைக்கு வேண்டாம் சார்" என்று சொன்னதா? ஆன்சைட் வாய்ப்பா? உங்கள் யோசனையை அடுத்த நாற்காலிக்காரர் சொல்லிப் பாராட்டு வாங்கியபோது சும்மா இருந்ததா? இந்தப் பட்டியல் நீண்டால் மேலே படியுங்கள்.

பயம் எதைத் தின்று வளர்கிறது

"தைரியமா பேசுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். நீங்களும் எத்தனையோ தடவை பேசித்தான் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும் பயம் ஏன் குறையவில்லை? வருடக்கணக்கில் தினமும் அலுவலகம் போகிறவருக்குப் பழக்கத்தாலேயே இது போயிருக்க வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்விக்கு டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் ஒரு விடை சொன்னார்கள். இன்று இதற்குத் தரப்படும் பேச்சு சிகிச்சைகளில் மிக நல்ல பலன் தருவது அந்த விடையின் மேல் கட்டியதுதான். அவர்கள் சொன்னது இது: பயப்படுகிறவர் கூட்டத்தில் இருந்தாலும் அவருடைய கவனம் கூட்டத்தில் இருப்பதில்லை, தன் மேலேயே இருக்கிறது. முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே எவ்வளவு கலவரமோ அவ்வளவும் வெளியே தெரிவதாக நினைத்துக்கொள்கிறார். அது தெரியாமல் இருக்க ஏதேதோ உபாயம் செய்கிறார். அந்த உபாயங்கள்தான் பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன.

உபாயங்கள் ஆளுக்கு ஆள் மாறும். வியர்வை தெரியாமல் இருக்கக் கறுப்புச் சட்டையாகவே வாங்குவது. கழுத்து சிவப்பது தெரியாமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வது. கை நடுக்கம் தெரியாமல் இருக்க டீ டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பது. ஆன்லைன் மீட்டிங்கில் "நெட் ஸ்லோ" என்று கேமராவை அணைத்து வைப்பது. மற்றவர் பேசும்போது நம் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசுவது. லிஃப்டில் ஏறியதும் போனை எடுத்து ஒன்றுமில்லாத திரையைப் பார்ப்பது. இரண்டு நிமிடப் போனில் முடிகிற காரியத்துக்கு அரை மணி நேரம் மெயில் எழுதித் திருத்துவது.

இவற்றால் வரும் கேடு மூன்று விதம். ஒன்று, மீட்டிங் நல்லபடியாக முடிந்தாலும் அதற்கான பெருமை உங்களுக்கு வருவதில்லை. "கேமராவை அணைத்து வைத்ததால் பிழைத்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. சைக்கிள் பழகும்போது பின்னால் ஒரு கை பிடித்துக்கொண்டே வந்தால் தானாக ஓட்ட முடியும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. இரண்டு, உபாயமே தொல்லையை உண்டாக்குகிறது. டம்ளரை இறுக்கினால்தான் கை அதிகமாக நடுங்கும். மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் மேனேஜர் கேட்ட கேள்வி காதில் விழாது, பதில் பொருந்தாமல் போகும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கண்ணைப் பார்க்காமல், சாப்பிட வராமல், ஒரு வார்த்தையில் பதில் சொல்லி ஒதுங்குகிறவரைப் பற்றி அலுவலகம் என்ன பேசுகிறது? "பாவம், பயப்படுகிறார்" என்றா? "தலைக்கனம் பிடிச்சவர்", "யார்கூடவும் ஒட்ட மாட்டார்" என்றுதான் பேசுகிறது. வெறுத்துவிடுவார்களோ என்று பயந்து செய்த காரியமே அவர்களை விலக்கி நிறுத்துகிறது. அவர்கள் விலகியதைப் பார்த்து, "நான் பயந்தது சரிதான்" என்று இவர் முடிவுகட்டிவிடுகிறார்.

ஆகவே இந்த நூல் உங்களிடம் இன்னும் தைரியமாகப் பேசச் சொல்லப்போவதில்லை. மறைப்பதற்காகச் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக விடச் சொல்கிறது.

முதல் சோதனை: இரண்டு உரையாடல்

கிளார்க்கின் சிகிச்சையில் ஆரம்பத்திலேயே வரும் ஒரு சோதனை இது. அலுவலகத்தில் நீங்களே செய்துபார்க்கலாம்.

அதிகம் பழக்கமில்லாத சக ஊழியர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். காபி மெஷின் பக்கம் ஐந்து நிமிடம் அவரிடம் பேசுங்கள். இந்த முறை வழக்கமான உபாயங்கள் அத்தனையும் செய்யுங்கள். என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசியுங்கள், முகம் எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள். முடிந்ததும் ஒரு தாளில் மூன்று எண் எழுதுங்கள்: பத்துக்கு எவ்வளவு பதற்றமாக இருந்தது, அது வெளியே எவ்வளவு தெரிந்திருக்கும், பேச்சு எவ்வளவு சுமுகமாகப் போனது.

மறுநாள் வேறொருவரிடம் அதே ஐந்து நிமிடம். இந்த முறை உங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள். அவர் எந்த ஊர்ப் பஸ்ஸைப் பிடித்து வருகிறார், எந்தச் சொல்லை அடிக்கடி சொல்கிறார், எதைச் சொல்லும்போது முகம் மலர்கிறது. முன்தயாரிப்பு வேண்டாம். கை நடுங்கினால் நடுங்கட்டும். மறுபடியும் அதே மூன்று எண்.

உபாயங்கள் உதவுகின்றன என்றால் முதல் நாள் எண்கள்தான் நன்றாக இருக்க வேண்டும். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் காண்பது நேர்மாறு. உங்கள் தாளில் என்ன வருகிறது என்று நீங்களே பாருங்கள். நான் சொன்னேன் என்று நம்புவதைவிட உங்கள் கையால் எழுதிய எண்ணை நம்புவது பலமாக நிற்கும்.

கவனத்தை வெளியே திருப்புவது கொஞ்சம் பழக்கத்தால் வரும். மீட்டிங்கில் போய் முதன்முதலாகப் பழக வேண்டாம். தாம்பரம்–கடற்கரை மின்ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ வரும்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் கேளுங்கள். பிறகு உங்கள் மூச்சை, நெஞ்சுத் துடிப்பைக் கவனியுங்கள். மறுபடியும் வெளியே போங்கள். கவனம் உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்க முடியாது. இழுக்கப்பட்டது தெரிந்தவுடன் திரும்பி வெளியே கொண்டுபோக முடியும், அது போதும்.

வெளியிலிருந்து பார்த்தால்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரது சகாக்களும் நடத்திய ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்தக் காலக் கல்லூரிப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள வெட்கப்படும் பனியன் அது. வெளியே வந்தவர்கள், அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தங்கள் பனியனைக் கவனித்திருப்பார்கள் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அறையில் இருந்தவர்களுக்கு அவரவர் வேலை இருந்தது.

அதே கிலோவிச், கென்னத் சாவிட்ஸ்கி என்பவரோடு சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உரை நிகழ்த்தப்போகிற சிலரிடம், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை" என்ற உண்மையை மட்டும் விளக்கிச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். பேச்சுப் பயிற்சி எதுவும் தரவில்லை. தெரிந்துகொண்டதே வேலை செய்தது.

இதை உங்கள் விஷயத்தில் உறுதிசெய்ய வழி கையிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைப் போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். உடனே பார்க்காதீர்கள். முதலில், அதில் என்ன தெரியும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்: "குரல் நடுங்கும், பத்து தடவை திக்குவேன், முகம் சிவந்திருக்கும்." பிறகு பாருங்கள். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, யாரோ முன்பின் தெரியாத ஊழியரைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் மட்டும் கணக்கெடுங்கள். திக்கிய தடவைகளை எண்ணுங்கள். இந்த எழுதும் வேலையைச் செய்யாமல் நேராக வீடியோவைப் பார்த்தால் பயன் இருக்காது. பழைய பயத்தின் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

ஸ்டாண்ட்-அப்பில் என்ன சொல்வது

தினசரி ஸ்டாண்ட்-அப், அதாவது குழுவில் ஒவ்வொருவரும் தன் வேலை நிலவரத்தைச் சொல்லும் சிறு மீட்டிங்தான் பலருக்கு முதல் கண்டம். பயப்படுகிறவரின் பேச்சு வழக்கமாக இப்படி இருக்கும்: "ஆமா… அது வந்து… நேத்து நான் அந்த இஷ்யூ பார்த்துட்டு இருந்தேன், கொஞ்சம் டிலே ஆயிடுச்சு, சாரி, இன்னைக்கு முடிச்சிடுவேன்னு நினைக்கிறேன், சாரி." இதில் தகவல் இல்லை, மன்னிப்பு மட்டும் இரண்டு இருக்கிறது. கேட்ட டீம் லீட் மேற்கொண்டு நாலு கேள்வி கேட்பார். அந்த நாலு கேள்விதான் நீங்கள் பயந்தது.

இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "லாகின் பக்கத்துல வந்த எரரைச் சரிபண்ணி டெஸ்டிங்குக்குக் கொடுத்துட்டேன். இன்னைக்கு பேமென்ட் பக்கத்தை எடுக்கறேன். சர்வர் ஆக்சஸ் இன்னும் வரலை, அது மதியத்துக்குள்ள வந்தா சாயங்காலம் முடிச்சிடலாம்." மூன்று வாக்கியம். முடிந்தது, செய்வது, தடையாக இருப்பது. தடையைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டாம். ஆக்சஸ் வராதது உங்கள் குற்றம் அல்ல, அதைச் சொல்வதற்காகத்தான் அந்த மீட்டிங்கே நடக்கிறது.

மூன்று வாக்கியத்தையும் முழுதாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். எழுதிப் படிப்பதும் ஒரு உபாயம்தான், ஒரு சொல் மாறினால் மொத்தமும் சரிந்துவிடும். "லாகின், பேமென்ட், ஆக்சஸ்" என்று மூன்று சொல் குறித்துக்கொண்டால் போதும். முடிந்தவரை முதலிலோ இரண்டாவதாகவோ பேசிவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறும், மற்றவர் சொன்னதும் காதில் விழாது. பேசி முடித்தவரால் மிச்ச மீட்டிங்கைக் கேட்க முடிகிறது; கேட்டால் கேள்வி தோன்றும்; இரண்டாவது தடவை வாய் திறப்பது அந்தக் கேள்விக்காக இருக்கும்.

பெரிய மீட்டிங்கில் கருத்துச் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் பிறர் சொன்னதோடு சேர்ந்துகொள்ளுங்கள். "மேடம் இப்ப சொன்ன தேதியில ஒரு சந்தேகம். அன்னைக்கு பேங்க் லீவு, பரவாயில்லையா?" இதற்கு மேதைமை தேவையில்லை, கவனித்திருந்தால் போதும்.

நோட்டில் எழுதும் வேலை

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயப்படுகிற காரியம் ஒன்றைச் செய்வதற்கு முன், என்ன நடக்கும் என்று மனம் சொல்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். "பயமாக இருக்கும்" என்று எழுதக்கூடாது, அது எப்படியும் நடக்கும். பிறரால் பார்க்கக்கூடிய சம்பவமாக எழுத வேண்டும். "இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு பேராவது ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்." "வெண்டருக்குப் போன் போட்டால் எரிச்சலாகப் பேசி வைத்துவிடுவார்." செய்து முடித்தபின் கீழே நடந்ததை எழுதுங்கள்.

பயம் முழுதாகத் தணிய வேண்டும் என்று காத்திருப்பது பழைய முறை. மிஷெல் கிராஸ்க் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் இப்போது அழுத்திச் சொல்வது, எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்பது மனதில் பதிய வேண்டும் என்பதைத்தான். கை நடுங்கிக்கொண்டே கேள்வி கேட்டு, யாரும் சிரிக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. எனவே கேட்டவுடன் தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். நிமிர்ந்து முகங்களைப் பாருங்கள். பார்க்காவிட்டால் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

எதிலிருந்து தொடங்குவது என்பது உங்களைப் பொறுத்தது. வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் "சாப்பிட்டாச்சா அண்ணே" என்று கேட்பதில் தொடங்கலாம். லஞ்சுக்கு நாலு பேர் இருக்கும் மேஜையில் போய் "இங்க உட்காரலாமா?" என்று கேட்கலாம். மெயிலில் எழுத நினைத்ததைப் போனில் சொல்லலாம். கொஞ்சம் தேறியபின், வேண்டுமென்றே சிறு தடுமாற்றம் செய்துபாருங்கள். பேச்சின் நடுவில் மூன்று விநாடி நிறுத்துங்கள். ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று புரிந்த விஷயத்திலேயே ஒருமுறை கேளுங்கள். தடுமாறினால் உலகம் இடிந்துவிடும் என்ற நம்பிக்கையை, தடுமாறாமல் இருந்து உடைக்க முடியாது.

சில நாள் நீங்கள் பயந்தது நடக்கவும் செய்யும். யாராவது சிரிக்கலாம், வெண்டர் வெடுக்கென்று பேசலாம். அதையும் எழுதுங்கள், அதற்கு அடுத்து என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெண்டர் வெடுக்கென்று பேசினாலும் சரக்கு வரும் தேதியைச் சொன்னாரா? அதுவும் நடந்த கதையின் பகுதி.

இரவில் படுத்துக்கொண்டு மீட்டிங்கை அசைபோடுவது பலருக்கு வழக்கம். அதில் எந்தப் பாடமும் கிடைப்பதில்லை. நினைவு ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மோசமாகிறது, அவ்வளவுதான். நோட்டில் எழுதியாகிவிட்டது என்றால் கணக்கு முடிந்தது. மறுபடி தொடங்கினால் எழுந்து வேறு வேலை பாருங்கள்.

இங்கிலீஷ் பயம் வேறு, இது வேறு

சின்ன ஊரிலிருந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழிலேயே நடக்கும் மீட்டிங்கில் பேசும்போது உங்களுக்குச் சரளமாக வருகிறதா? அப்படியானால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி மொழிப் பழக்கம். தினம் பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பழகினால் அது தீரும். தமிழிலும் அதே படபடப்பு வருகிறதா? அப்படியானால் எத்தனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டினாலும் தீராது. இரண்டும் இருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வேன்: கிளையன்ட் காலில் எளிய இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவரைப் பிறநாட்டார் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். அவசரமாகப் பேசுகிறவரைத்தான் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

எல்லாப் பயமும் கற்பனை அல்ல

இந்த விஷயத்தில் வழிகாட்டி நூல்கள் பல தவறு செய்கின்றன. எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. எல்லார் முன்னாலும் தரக்குறைவாகத் திட்டும் மேலாளர் இருக்கிறார். ஊரை, சாதியை, பேச்சு வழக்கைக் கேலி செய்யும் சகாக்கள் இருக்கிறார்கள். அங்கே வரும் பயம் சரியான பயம், அதற்கு மூச்சுப் பயிற்சி பரிகாரம் ஆகாது.

பிரித்தறிய நோட்டே உதவும். பல பேரிடம், பல இடங்களில் பயந்து, நடந்தது சாதாரணமாகவே இருக்கிறது என்றால் அது பதற்றம். ஒரே ஆளிடம், மற்றவர்களும் பார்த்துச் சாட்சி சொல்லக்கூடிய விதத்தில் அவமானம் நடக்கிறது என்றால் அது உங்கள் கோளாறு அல்ல. தேதி, நேரம், சொன்ன சொல், உடன் இருந்தவர்கள் என்று எழுதிவைத்து ஹெச்.ஆரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். நீங்கள் கூச்ச சுபாவம் உள்ளவர் என்பதைக் காரணம் காட்டி எவரும் உங்கள் புகாரைச் சிறிதாக்க இடம் கொடுக்காதீர்கள்.

மேலாளராக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர் அடுத்த ஒரு மாதத்துக்கு வாய் திறக்க மாட்டார். மீட்டிங்கில் பேசப்போவதை முந்தின நாளே அனுப்பிவையுங்கள். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுவார்கள். அமைதியாக இருப்பவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு, அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த யோசனைக்கும் பேசிய யோசனைக்கும் ஒரே மதிப்புக் கொடுங்கள்.

உடம்பும் மருந்தும்

மீட்டிங்குக்கு முன்னால் ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் சில வாரம் விட்டுப்பாருங்கள். காபியால் வரும் படபடப்பையும் பயத்தால் வரும் படபடப்பையும் உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது நல்லது. ஆனால் மீட்டிங் முழுக்க மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் மறைப்பு வேலையாகிவிடும்.

டீம் பார்ட்டியில் இரண்டு பெக் உள்ளே போனால் தாராளமாகப் பேச வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள் எச்சரிக்கையாக இருங்கள். சமூகப் பதற்றம் உள்ள பலர் குடிக்கு அடிமையாவது இந்த வழியில்தான். நண்பர் சொன்னார் என்று ப்ரொப்ரனோலால் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிரசன்டேஷன் கொடுக்கப் போவதும் நடக்கிறது. அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கி ஆபத்தை உண்டாக்கும். அல்ப்ராசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் இவை எதையும் தொடாதீர்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? ஆறு மாதத்துக்கு மேலாக இதே நிலை, இதனால் வேலையை விடும் எண்ணம் வருகிறது, திங்கட்கிழமை காலை என்றால் வயிறு கலங்கி லீவு போடுகிறீர்கள், தூக்கம் போய்விட்டது, வாழ்வதில் பிடிப்பு குறைகிறது என்றால் இன்றைக்கே போகலாம். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2013-இல் இந்த நோய்க்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது பேச்சு சிகிச்சையைத்தான்: கிளார்க்–வெல்ஸ் முறையில், ஒன்றரை மணி நேர அமர்வுகள், சுமார் நாலு மாதத்தில் 14 வரை. அது வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள். அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக்கூடாது. நம் ஊரில் 14 அமர்வு தரக்கூடிய உளவியலாளர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பது உண்மை. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிகளாகப் பார்க்கிறார்கள்.

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உடல்நோய்க்கு இருப்பது போன்ற காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அதே சட்டம் சொல்கிறது.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போனில் பேசுவதே உங்களுக்குப் பயம் என்றால் முதல் வாக்கியமாக அதையே சொல்லுங்கள்: "எனக்குப் போன்ல பேசவே பயமா இருக்கு." மறுமுனையில் இருப்பவர் அதைக் கேட்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.